‘தொழில்நுட்பக் கோளாறு’: யாருடைய கோளாறு?

பத்திரிகை அலுவலகங்களில் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் சில சொற்றொடர்கள் இருக்கும். “விசாரணைகள் முடுக்கிவிடப்பட்டுள்ளன”, “பொலிஸார் வலைவிரித்துள்ளனர்” என்பன அவற்றுட் சில. விமானம் பற்றிய செய்தி என்றால் உதவிக்கு ஓடிவருவது “தொழில்நுட்பக் கோளாறு”. விமானம் அவசரமாகத் தரையிறங்கினாலும் தொழில்நுட்பக் கோளாறு. ஓடுபாதையை விட்டு விலகினாலும் தொழில்நுட்பக் கோளாறு. நடுவானில் உடைந்து கடலில் விழுந்து இருநூறு பேர் மாண்டாலும் முதல்நாட் செய்தியில் அதே தொழில்நுட்பக் கோளாறுதான். நீண்டகாலம் செய்திமேசையில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நமது தொழிலில் புழங்கும் சொற்களில் இதைப்போல் வெறுமையான சொல் வேறில்லை.

இயந்திரம் தானாக விரும்பிப் பழுதாவதில்லை. உலோகம் களைக்கும், திருகாணி தேயும், இறப்பர் வளையம் வரண்டு வெடிக்கும். இவை யாவும் முன்கூட்டியே அறியப்பட்டவை. எந்த உறுப்பை எத்தனை மணி நேரப் பறப்புக்குப் பின்னர் திறந்து பார்க்க வேண்டும், எதை எப்போது கழற்றி எறிய வேண்டும் என்பதற்கெல்லாம் கைநூல்கள் உண்டு, அட்டவணைகள் உண்டு. செய்து முடித்த ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கையொப்பம் உண்டு. இத்தனை ஏற்பாட்டையும் தாண்டி ஒரு பழுது வானத்துக்குப் போகிறதென்றால், தரையில் யாரோ ஒருவர் ஒரு தீர்மானத்தை எடுத்திருக்கிறார். அல்லது எடுக்க வேண்டிய தீர்மானத்தை எடுக்காமல் விட்டிருக்கிறார் என்றே பெரும்பாலும் பொருள்.

சில வாரங்கள் கழிந்ததும் சொல் மாறும். “மனிதத் தவறே விபத்துக்குக் காரணம்” என்று தலைப்பு வரும். அழுக்கு மேலங்கி அணிந்த ஒரு தொழிலாளி அகப்பட்டுக்கொள்வான். வாசகருக்கு நிம்மதி, விமான நிறுவனத்துக்கு அதைவிடப் பெரிய நிம்மதி. விவகாரம் அத்தோடு முற்றுப்பெறும். முதற் சொல் இயந்திரத்தின் பின்னால் மனிதரை ஒளிக்கிறது. இரண்டாவது சொல் ஒரு தனிமனிதரின் பின்னால் நிறுவனத்தை ஒளிக்கிறது. இரண்டும் கேள்வியை மூடுவதற்காகவே பிறந்த சொற்கள் என்பது என் குற்றச்சாட்டு. வெறும் வாயால் குற்றஞ்சாட்டுவது முறையல்ல; விசாரணை அறிக்கைகளிலிருந்தே சான்று காட்டுகிறேன்.

1990 ஜூன் 10ஆம் திகதி பிரிட்டிஷ் எயர்வேய்ஸின் 5390ஆம் இலக்க விமானம் பேர்மிங்ஹாமிலிருந்து ஸ்பெயினின் மலாகா நகருக்குப் புறப்பட்டது. உள்ளே 81 பயணிகள், 6 பணியாளர்கள். புறப்பட்டுப் பதின்மூன்று நிமிடங்களில், 17,300 அடி உயரத்தில், விமானிக்கு முன்னாலிருந்த இடப்பக்கக் கண்ணாடி பிய்த்துக்கொண்டு பறந்தது. விமானி டிம் லங்காஸ்டர் இடுப்புக்கு மேல் முழுவதும் வெளியே இழுபட்டுத் தொங்கினார். பணியாளர்கள் அவருடைய கால்களை விடாமல் பற்றியிருக்க, துணை விமானி அலஸ்டர் அட்சிசன் விமானத்தைச் சவுதாம்ப்டனில் இறக்கினார். லங்காஸ்டர் உயிர் பிழைத்தார். ஐந்து மாதங்களுக்குள் வேலைக்கும் திரும்பினார். இந்த அதிசயப் பகுதியை உலகப் பத்திரிகைகள் யாவும் விரித்து எழுதின. அதற்கு முந்திய இரவைப் பற்றி எழுதியவை மிகக் குறைவு.

அந்தக் கண்ணாடி, விமானம் புறப்படுவதற்கு 27 மணி நேரத்துக்கு முன்னர்தான் புதிதாகப் பொருத்தப்பட்டது. அதைத் தாங்கிய திருகாணிகள் 90. அவற்றுள் 84 திருகாணிகளின் விட்டம் வேண்டியதைவிட 0.026 அங்குலம் குறைவு; ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு. மிகுதி ஆறும் விட்டத்தில் சரி, நீளத்தில் 0.1 அங்குலம் குறைவு. வேலையைச் செய்தவர் பயிலுநர் அல்லர். அனுபவம் மிக்க இரவுப்பணி முகாமையாளரே. “மனிதத் தவறு” என்று தீர்ப்பெழுத இதைவிட வாகான சந்தர்ப்பம் கிடையாது.

ஆனால் பிரித்தானிய விமான விபத்துப் புலனாய்வுப் பிரிவு பேனாவை அங்கே மூடிவைக்கவில்லை. அன்றிரவு ஆட்கள் போதாமையால் முகாமையாளரே கண்ணாடியை மாற்ற இறங்கினார். நேரம் அதிகாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் இடைப்பட்டது; மனித உடல் தூக்கத்துக்கு மன்றாடும் வேளை. கைநூலில் இலக்கத்தைத் தேடாமல், கழற்றிய பழைய திருகாணியையே மாதிரியாக எடுத்துச் சென்றார். களஞ்சியப் பொறுப்பாளர் சரியான அளவைச் சொல்லியும் இருந்தார். ஆனால் அங்கே கையிருப்புப் போதவில்லை. வெளிச்சம் குறைந்த, பொறுப்பாளர் எவருமில்லாத வேறோரிடத்தில் இழுப்பறைகளைத் திறந்து, கண்ணால் ஒப்புப் பார்த்து அள்ளிவந்தார். அவர் நின்று வேலை செய்த மேடையிலிருந்து கண்ணாடிக்கு நேரெதிரே வர முடியாது. பக்கவாட்டில் எட்டிச் சாய்ந்தபடியே முறுக்கினார். திருகாணியின் தலை குழியில் அளவுக்கு மேல் அமிழ்ந்ததை அவர் காணவில்லை.

இனித்தான் முக்கியமான பகுதி. விமானியின் கண்ணாடி ‘உயிர்நிலை’ உறுப்புகளின் பட்டியலில் இடம்பெறாததால், செய்த வேலையை இன்னொருவர் வந்து பார்க்க வேண்டும் என்ற விதி அதற்கு இருக்கவில்லை. பொருத்தியபின் காற்றழுத்தச் சோதனையும் கட்டாயமில்லை. அவர் கழற்றிய பழைய திருகாணிகளும் பெரும்பாலும் சரியான அளவானவை அல்ல. அவற்றோடுதான் அந்த விமானம் நான்கு ஆண்டுகள் பறந்திருக்கிறது. அப்படியானால் முன்னொருநாள் வேறொருவரும் இதே வகையான பிழையைச் செய்திருக்கிறார், எவரும் கவனிக்கவில்லை. நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பரிசோதனைகள் எதிலும் இந்த வேலைமுறை அகப்படவில்லை என்றும் அறிக்கை கூறியது. அந்த முகாமையாளரை மட்டும் வீட்டுக்கு அனுப்பினால் என்ன நடக்கும்? அடுத்த இரவு, அதே மங்கிய வெளிச்சத்தில், அதே இழுப்பறையில் இன்னொரு கை துழாவும்.

இது ஒரு கையின் பிழை என்றாவது வாதிடலாம். 1979 மே 25ஆம் திகதி சிக்காகோவில் நடந்ததற்கு அந்த வாதமும் செல்லாது. அமெரிக்கன் எயர்லைன்ஸின் 191ஆம் இலக்க டிசி-10 விமானம் ஓடுபாதையிலிருந்து மேலெழும் தறுவாயில் அதன் இடது இயந்திரம், இறக்கையோடு அதை இணைக்கும் தாங்கியும் சேர்ந்து, கழன்று விழுந்தது. ஏறத்தாழ அரை நிமிடத்தில் விமானம் கவிழ்ந்து தரையில் மோதியது. விமானத்திலிருந்த 271 பேரும் தரையில் இருவரும் மாண்டனர்.

எட்டு வாரங்களுக்கு முன்னர் அந்த இயந்திரம் பராமரிப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தது. விமானத்தைத் தயாரித்த மக்டொனல் டக்ளஸ் நிறுவனத்தின் முறைப்படி முதலில் இயந்திரத்தையும் பின்னர் தாங்கியையும் தனித்தனியே கழற்ற வேண்டும். விமான நிறுவனமோ இரண்டையும் ஒன்றாக ஒரு ஃபோர்க்லிஃப்ட் வண்டியில் தாங்கி இறக்கும் குறுக்குவழியைக் கண்டுபிடித்தது. இதனால் ஒரு விமானத்துக்கு ஏறத்தாழ 200 மனித மணி நேர உழைப்பு மிச்சம். ஆனால் பல தொன் எடையை வண்டியின் கவையில் வைத்து மயிரிழை பிசகாமல் இருத்துவது இயலாத காரியம். கொஞ்சம் பிசகியபோது தாங்கியின் பின்புற விளிம்பு கீறியது. அந்தக் கீறல் ஒவ்வொரு பறப்பிலும் வளர்ந்தது.

இங்கே தவறு செய்த தொழிலாளி யார்? எவருமில்லை. அவர்கள் தமது நிறுவனம் எழுதிக்கொடுத்த முறையின்படியே வேலை செய்தார்கள். விபத்தின் பின்னர் மற்ற விமானங்களைப் பரிசோதித்தபோது வேறு டிசி-10களிலும் இதே சேதம் காணப்பட்டது. இதே குறுக்குவழியைக் கையாண்ட கொன்ரினென்ரல் நிறுவனத்தில் சில மாதங்களுக்கு முன்னரே தாங்கிகள் சேதமடைந்து, திருத்தப்பட்டும் இருந்தன. ஆனால் அந்த விவரம் உரியவாறு பரவவில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை இந்தத் தொடர்பாடற் குறைபாட்டையும் அரசின் கண்காணிப்புக் குறைபாட்டையும் தன் அறிக்கையில் வெளிப்படையாகக் குறிப்பிட்டது. அந்த 200 மணி நேரச் சேமிப்பைத் தொழிலாளி தன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை என்பதை மட்டும் நான் சேர்த்துக்கொள்கிறேன்.

மூன்றாவது சான்று அட்டவணை ஒன்றின் கதை. அலாஸ்கா எயர்லைன்ஸின் 261ஆம் இலக்க விமானம் 2000 ஜனவரி 31ஆம் திகதி கலிபோர்னியாக் கரையோரம் பசிபிக் கடலில் தலைகுப்புற வீழ்ந்தது. 88 பேரில் எவரும் பிழைக்கவில்லை. வாலிலுள்ள கிடைத்தளத்தை அசைக்கும் திருகுத்தண்டைப் பற்றியிருந்த நட்டின் புரிகள் முற்றாகத் தேய்ந்து உரிந்துவிட்டன. அதற்குப் போதிய கிறீஸ் போடப்படவில்லை. அவ்வளவுதான். சைக்கிள் வைத்திருக்கும் பள்ளிச் சிறுவனுக்கும் விளங்கும் காரணம்.

அந்தத் தண்டுக்கு 1987இல் ஏறத்தாழ 500 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை கிறீஸ் போடப்பட்டது. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்த இடைவெளி படிப்படியாக நீட்டப்பட்டது. 1996இல் எட்டு மாதத்துக்கு ஒருமுறை என்றாயிற்று. அந்த விமானங்கள் பறந்த வேகத்தில் அது ஏறத்தாழ 2,550 மணி நேரம். தேய்மானத்தை அளந்து பார்க்கும் இடைவெளியும் 30 மாதங்களாக நீண்டது. விபத்துக்குள்ளான விமானத்தில் அந்த அளவீடு கடைசியாகச் செய்யப்பட்டது 1997 செப்டெம்பரில். விபத்து 28ஆவது மாதத்தில். நீட்டிப்புக்கு அரசின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் அங்கீகாரம் அளித்திருந்தது என்பதையும் கவனியுங்கள். சட்டம் மீறப்படாமலேயே பாதுகாப்பு எவ்வாறு மெல்ல மெல்லக் கரைந்துபோகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. எந்த ஒரு நீட்டிப்பும் தனியே பார்த்தால் பயங்கரமாகத் தெரிந்திராது. எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க எவருமில்லை.

1997 செப்டெம்பர் அளவீட்டின்போது, தேய்மானம் அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தொட்டுவிட்டது என்று கண்ட ஒரு தலைமைத் தொழில்நுட்பவியலாளர், உறுப்பை மாற்றும்படி வேலையட்டையில் எழுதினார். அடுத்த பணிமுறையினர் மீண்டும் அளந்தனர். எல்லைக்குள் இருப்பதாக முடிவு வந்தது. விமானம் சேவைக்குத் திரும்பியது. அந்த முதல் அளவீடு சரியா பிழையா என்ற வாதம் தொழில்நுட்ப நிபுணர்களுக்குரியது. எனக்குரிய கேள்வி வேறு. ஐயம் எழுந்த இடத்தில், ‘மாற்றிவிடுவோம்’ என்பதற்கும் ‘இன்னொருமுறை அளந்து பார்ப்போம்’ என்பதற்கும் இடையே எதைத் தேர்வது என்பதை அந்தத் தொழிற்கூடத்தின் எந்தப் பழக்கம் தீர்மானித்தது? அதே தொழில்நுட்பவியலாளர் 1998இல் நிறுவனத்தின் பராமரிப்புப் பதிவுகள் குறித்து அரசிடம் முறையிட்டார் என்பதும் பதிவான உண்மை. எச்சரிக்கை மணி அடிக்காமல் இல்லை.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பது நம் முன்னோர் சொல். ஆனால் நோவதற்கு அம்புதான் எப்போதும் கைக்கு அகப்படுகிறது. 1996 ஒக்ரோபர் 2ஆம் திகதி ஏரோபெரு நிறுவனத்தின் 603ஆம் இலக்க விமானம் லீமாவிலிருந்து கிளம்பிப் பசிபிக் கடலில் விழுந்து 70 பேர் இறந்தனர். விமானத்தைக் கழுவும்போது, காற்றழுத்தத்தை அளக்கும் துளைகளுக்குள் நீர் புகாதிருக்க ஒட்டுநாடா ஒட்டினார்கள். கழுவியபின் அகற்ற மறந்தார்கள். உயரமும் வேகமும் காட்டும் கருவிகள் யாவும் பொய் சொல்ல, நள்ளிரவில், இருளில், விமானிகள் திசைகெட்டுத் தவித்தனர். அந்தத் துளைகளை மேற்பார்வையாளர் பார்த்திருக்க வேண்டும். புறப்படுமுன் சுற்றிவந்த விமானியும் பார்த்திருக்க வேண்டும். வெள்ளி நிற நாடா எவர் கண்ணிலும் படவில்லை. நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டவர் நாடாவை ஒட்டிய தொழிலாளி. கண்ணைப் பறிக்கும் செந்நிற மூடிக்குப் பதிலாகக் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுநாடா பயன்படுவதைப் பொறுத்துக்கொண்டிருந்த ஏற்பாட்டுக்குத் தண்டனை விதிக்க எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

ஜப்பானில் நடந்தது இதனினும் வேதனையானது. ஜப்பான் எயர்லைன்ஸின் போயிங் 747 விமானம் ஒன்று 1978இல் ஒசாகாவில் இறங்கும்போது வாலைத் தரையில் உரசிற்று. வாற்பகுதியின் அழுத்தத் தடுப்புச் சுவரைத் திருத்தியவர்கள் போயிங் நிறுவனத்தின் ஆட்கள். இரண்டு வரிசை ரிவெட் ஆணிகள் பாரத்தைத் தாங்க வேண்டிய இணைப்பில், தகடு இரண்டாக வெட்டிப் பொருத்தப்பட்டதால், ஒரு வரிசையே தாங்கியது. ஏழு ஆண்டுகளில் 12,000க்கும் அதிகமான பறப்புகளைத் தாங்கிய அந்தச் சுவர் 1985 ஓகஸ்ட் 12ஆம் திகதி வெடித்தது. 520 பேர் மாண்டனர். நால்வர் மட்டும் பிழைத்தனர். ஒற்றை விமானத்தில் நிகழ்ந்த விபத்துகளில் இன்றுவரை ஆகக்கூடிய உயிர்ச்சேதம் இதுவே. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. ஆனால் விமான நிறுவனத்தின் பராமரிப்பு அதிகாரி ஒருவர் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். அந்தத் திருத்த வேலையைச் செய்தது அவருடைய நிறுவனமே அல்ல.

இவ்வளவும் சொல்லும்போது எதிர்க்கேள்விகள் எழும். “அப்படியானால் திருகாணி முறுக்குபவனுக்குப் பொறுப்பே இல்லையா?” என்பது முதலாவது. பொறுப்பு உண்டு. செய்யாத வேலைக்குக் கையொப்பமிடுபவனை நான் காப்பாற்ற வரவில்லை. 1996 மே 11ஆம் திகதி புளோரிடாவில் வலுஜெட் 592 விமானம் தீப்பற்றி விழுந்து 110 பேர் இறந்தனர். அதில் ஏற்றப்பட்ட காலாவதியான ஒட்சிசன் கலன்களுக்குப் பாதுகாப்பு மூடிகள் இடப்பட்டன என்று வேலையட்டையில் கையொப்பம் இருந்தது. மூடிகள் இடப்படவில்லை. அந்தக் கையொப்பம் பொய். ஆனால் மூடிகள் கையிருப்பிலேயே இருக்கவில்லை என்பதும், வேலையை முடிக்கும்படி நெருக்குதல் இருந்தது என்பதும், பராமரிப்பை வெளி நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்ட விமான நிறுவனம் அதை மேற்பார்வை செய்யத் தவறியது என்பதும் அதே விசாரணையில் வெளிவந்தன. கீழே இருப்பவன் ஒவ்வொரு திருகாணிக்கும் கையொப்பமிடுகிறான். ஆட்குறைப்புக்கும், இடைவெளி நீட்டிப்புக்கும், விடிவதற்குள் விமானம் வெளியே வரவேண்டும் என்ற கட்டளைக்கும் வேலையட்டையில் கையொப்பமிட ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருப்பதை எவராவது கண்டதுண்டா?

“விமானப் பயணம் இன்று மிகப் பாதுகாப்பானது, ஏன் மக்களை வெருட்டுகிறீர்கள்?” என்பது இரண்டாவது கேள்வி. பாதுகாப்பானதுதான், மறுக்கவில்லை. உலகெங்கும் சிதறிக் கிடந்து, நல்லது கெட்டதுக்கெல்லாம் விமானமேறும் நம்மவர்கள் அச்சமின்றிப் போய்வர வேண்டும் என்பதே என் விருப்பமும். ஆனால் அந்தப் பாதுகாப்பு எங்கிருந்து வந்தது? “தொழில்நுட்பக் கோளாறு” என்றெழுதிக் கோவையை மூடியதால் வரவில்லை. மூட மறுத்தவர்களால் வந்தது. விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனியொரு விபத்தைத் தடுப்பதே, பழிசுமத்துவது அல்ல என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு கூறுகிறது. தவறைத் தாமாக அறிவிப்போருக்குப் பாதுகாப்பளிக்கும் முறையொன்றை அமெரிக்காவில் நாசா 1976 முதல் நடத்திவருகிறது. களைப்பு, நெருக்குதல், தொடர்பாடலின்மை, ‘நாங்கள் வழமையாக இப்படித்தான் செய்வோம்’ என்ற பழக்கம் எனப் பராமரிப்புத் தவறுகளுக்கான பன்னிரண்டு காரணங்களைக் கனடாவின் கோர்டன் டுப்பொன்ட் 1990களில் பட்டியலிட்டார். தவறியவனைத் தூக்கில் போடு என்று கூச்சலிடும் நாட்டில், அடுத்தமுறை தவறுபவன் வாய் திறக்க மாட்டான். வாய் திறக்காத தவறு விமானத்தில் ஏறிப் பறக்கும்.

“இதெல்லாம் பழைய கதை” என்பது மூன்றாவது. 2024 ஜனவரி 5ஆம் திகதி, போட்லண்டிலிருந்து கிளம்பிய அலாஸ்கா எயர்லைன்ஸின் 1282ஆம் இலக்கப் புத்தம்புதிய போயிங் 737 மக்ஸ் 9 விமானத்தில், கதவுக்குரிய இடத்தை அடைத்திருந்த பலகை ஏறத்தாழ 15,000 அடி உயரத்தில் பெயர்ந்து பறந்தது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. அதைத் தாங்கவேண்டிய நான்கு திருகாணிகளும் அங்கே இருக்கவேயில்லை. தொழிற்சாலையில் ரிவெட் ஆணிகளைத் திருத்துவதற்காக அந்தப் பலகையைத் திறந்திருக்கிறார்கள். திறந்ததற்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாததால் மூடியதைப் பரிசோதிக்கவும் ஆளில்லை. போயிங் நிறுவனம் போதிய பயிற்சியும் வழிகாட்டலும் மேற்பார்வையும் வழங்கத் தவறியதே காரணம் என்று 2025இல் பாதுகாப்புச் சபை முடிவுசெய்தது. 1990இல் அளவு பிழைத்த தொண்ணூறு திருகாணிகள். 2024இல் இல்லாமற்போன நான்கு திருகாணிகள். முப்பத்துநான்கு ஆண்டுகளில் விமானம் எவ்வளவோ மாறிவிட்டது. அவசரம் மட்டும் மாறவில்லை.

என் சக ஊடகவியலாளரிடம் நான் கேட்பது பெரிய விடயமல்ல. அடுத்தமுறை செய்தி முகவரகத்தின் தகவலில் “தொழில்நுட்பக் கோளாறு” என்று கண்டால் அதை அப்படியே மொழிபெயர்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். அந்த விமானத்தின் கடைசிப் பராமரிப்பு எங்கே, எந்த நிறுவனத்தால் நடந்தது? எத்தனை பேர் செய்ய வேண்டிய வேலையை எத்தனை பேர் செய்தார்கள்? எத்தனை மணி நேரமாக விழித்திருந்தார்கள்? பரிசோதனை இடைவெளியை யார், எப்போது, எந்தச் சான்றின் பேரில் நீட்டினார்கள்? யாராவது முன்னரே எச்சரித்தார்களா, எச்சரித்தவருக்கு என்ன நேர்ந்தது? இந்தக் கேள்விகளுக்கு முதல்நாளில் விடை கிடைக்காது. ஆறாம் மாதத்தில் கிடைக்கலாம், இரண்டாம் ஆண்டில் இறுதி அறிக்கையோடு கிடைக்கலாம். அன்றும் அதே முன்பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். விபத்துச் செய்திக்கு எட்டுப் பத்தியும், அதன் காரணத்துக்கு உட்பக்கத்தில் ஓர் அரைப்பத்தியும் என்ற கணக்கு, இறந்தவர்களுக்குச் செய்யும் அவமரியாதை.

வாசகர்களும் அந்த அரைப்பத்தியோடு திருப்தியடையக் கூடாது. ‘யார் தவறவிட்டார்’ என்ற கேள்விக்கு விடை கிடைத்ததும் செய்தித்தாளை மடித்துவைக்காமல், ‘தவறவிடக்கூடிய நிலையில் அவரை நிறுத்தியவர் யார்’ என்று இன்னொரு கேள்வியையும் கேளுங்கள். நீங்கள் கேட்கும்வரை அதற்கு எவரும் விடை சொல்லப்போவதில்லை.